லயத்து இஸ்தோப்பில் எடுத்த வீடியோவுக்குத் தெளிவான குரல்: முதல் தடவை எடிட் செய்பவர்களுக்கு ஒலி எஃபெக்டுகள்

மலையகத்தில் எடுக்கும் வீடியோக்களில் படத்தைக் குறை சொல்ல அவ்வளவாக இடமிருக்காது. ஹட்டனோ ஹப்புத்தளையோ, போனைத் தூக்கிப் பிடித்தாலே மலையும் பனியும் தேயிலையும் பாதி வேலையைச் செய்துவிடும். சிக்கல் எல்லாம் காதுக்குத்தான். தகரத்தில் விழும் மழை, மைக்கில் மோதும் காற்று, பக்கத்துக் காம்பிராவில் ஓடும் டீவி, கோயில் ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து பேசுகிறவரின் குரலை அமுக்கிவிடும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

உதாரணத்துக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு அம்மாயி தன் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டின்) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து, கொழுந்து பறித்த காலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறார். போனில் எடுத்தாயிற்று. நடுவில், தோட்டத்துக் காமன் கூத்தில் பதிவு செய்த தப்புப் பறையின் சத்தம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்த மாதிரிப் பேச்சுகளை நம் பிள்ளைகள் நிறையப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதனால்தான் ஒலி விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம். அம்மாயி சொல்வதில் ஒரு சொல்கூடக் கேட்காமல் போகக்கூடாது. அதே நேரம் அவர் இருக்கும் இடமும் காதில் விழ வேண்டும்.

எந்த மென்பொருள்?

கணினி ஓரளவு பலமானதாக இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். அதில் ஒலிக்கென்றே ஃபேர்லைட் என்று தனிப் பக்கம் இருக்கிறது. ஃபேர்லைட் என்பது 1975இல் சிட்னியில் தொடங்கிய ஒலிக்கருவி நிறுவனத்தின் பெயர். ரிசால்வைச் செய்யும் பிளாக்மேஜிக் டிசைன் அதை 2016இல் வாங்கி, அடுத்த வருடமே தன் எடிட்டிங் மென்பொருளுக்குள் சேர்த்துவிட்டது. பழைய மடிக்கணினி என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ்வில் படத்தை வெட்டிக்கொண்டு, ஒலியை மட்டும் ஆடாசிட்டியில் சுத்தம் செய்யலாம். மூன்றும் இலவசம். போனிலேயே கேப்கட் வைத்துச் செய்கிறவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பொத்தான்களின் பெயரும் இடமும்தான் மாறும்.

மென்பொருளைவிட முக்கியமானது ஹெட்போன். விலை கூடியது வேண்டாம், காதை நன்றாக மூடுவதாக இருந்தால் சரி. கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டு ஒலியைத் திருத்த முடியாது. அதில் காற்றின் உறுமல் வரவே வராது.

எடுக்கும்போதே பாதி வேலை

எஃபெக்ட் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். எந்த எஃபெக்டாலும் தர முடியாத ஒன்றை மைக்கின் தூரம் தருகிறது. மைக்கும் வாயும் எவ்வளவு நெருங்குகின்றனவோ, குரல் அவ்வளவு கூடும். சுற்றியுள்ள சத்தம் அதே அளவில்தான் இருக்கும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) கூடும். ஒரு மீட்டரில் இருக்கும் மைக்கை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். இத்தனையை மென்பொருளில் எடுக்கப் போனால் குரல் நசுங்கிவிடும். அதனால் படத்துக்கு ஒரு போன், ஒலிக்கு இன்னொரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போனை அம்மாயியின் மடியிலோ, படச் சட்டத்துக்கு வெளியே ஒரு முக்காலியிலோ வைக்கலாம். சட்டையில் குத்தும் காலர் மைக் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை பலமாகக் கை தட்டிவிடுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

மழைக்கால மாலை என்றால், “அம்மாயி, கொஞ்சம் உள்ளுக்கு வந்து உக்காருங்களேன், கூரைச் சத்தம் கூடுதலா இருக்கு” என்று கேட்பதில் தப்பில்லை. மேற்குச் சரிவில் இருக்கிற ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பகலிலும் கூரை ஓயாது. காலைப் பொழுதில் சற்று இடைவெளி கிடைத்தால் விடாதீர்கள். ஊவாப் பக்கம் அதே மாதங்களில் வறண்ட காற்று வீசும். அங்கே மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் வெளியே போகவே வேண்டாம்.

பேச்சு முடிந்ததும் யாரையும் அசையவிடாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். மழை, பூச்சி, தூரத்து லொறி, எது இருந்தாலும் இருக்கட்டும். இது பின்னால் இரண்டு வேலைக்கு உதவும்.

முதலில் கேளுங்கள், குறியுங்கள்

கோப்புகளைக் கணினிக்கு மாற்றியதும் அசலை ஒரு தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். புராஜெக்டின் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது, 48,000 ஹெர்ட்ஸாக இருக்கட்டும். வீடியோவுக்கு அதுதான் வழக்கம்.

பிறகு எந்த எஃபெக்டையும் தொடாமல், ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடி முழுதும் ஒருமுறை கேளுங்கள். எந்த நிமிடத்தில் என்ன தொல்லை என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 1.20இல் நாய், 3.05 முதல் கூரை மழை, 6.40இல் காற்று. இதைச் செய்யாமல் எஃபெக்ட் பட்டியலைத் திறக்கிற பழக்கம் புதியவர்களிடம் நிறைய உண்டு. எதற்கு மருந்து என்று தெரியாமல் மாத்திரை போடுகிற கதை அது.

ஒரு காதில் மட்டும் குரல் கேட்டால் பயப்பட வேண்டாம். சில காலர் மைக்குகள் இடது பக்கத்தில் மட்டும் பதியும். ரிசால்வில் கிளிப்பின் மேல் வலது சொடுக்கிட்டு, கிளிப் ஆட்ரிபியூட்ஸ் போய், ஆடியோ பகுதியில் மோனோ என்று மாற்றினால் இரண்டு காதிலும் வந்துவிடும்.

இப்போது ஒலியைத் தனித்தனி டிராக்குகளாக (வரிசைகளாக) பிரித்துவிடுங்கள். முதலாவதில் அம்மாயியின் பேச்சு மட்டும். இரண்டாவதில் இடத்தின் சத்தம். மூன்றாவதில் தப்பு, பாட்டு ஏதும் இருந்தால் அவை. பேச்சுக்குப் போடும் எஃபெக்ட் தப்பின் மேல் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவு.

அளவு

எஃபெக்டுக்கு முன்னால் அளவைச் சரிசெய்யுங்கள். மீட்டரில் பூச்சியம் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் இடமில்லை. பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவில் ஆடினால் போதும். அம்மாயி தாழ்ந்த குரலில் பேசும் துண்டுகளை வெட்டி, அவற்றின் வால்யூமை மட்டும் கொஞ்சம் உயர்த்தலாம். சிரிக்கும் இடத்தைச் சற்று இறக்கலாம். கையால் செய்கிற இந்த வேலை அலுப்பாக இருக்கும். ஆனால் இதைப் பொறுமையாகச் செய்தவருக்குப் பின்னால் கம்பிரசரில் பாதித் தலைவலி இல்லை.

பதிவிலேயே பூச்சியத்தைத் தாண்டிய ஒலியின் அலைவடிவம் மேலும் கீழும் கத்தரித்தது போலத் தட்டையாகத் தெரியும். அந்தக் கரகரப்பை வால்யூமைக் குறைத்துப் போக்க முடியாது. அந்த வரியை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பதுதான் நல்ல வழி.

சத்தத்தை எடுப்பது

தொல்லைச் சத்தம் எல்லாம் ஒரே வகையல்ல. வகை தெரிந்தால் எஃபெக்ட் தானாகத் தெரிந்துவிடும்.

காற்றின் மோதல், லொறியின் உறுமல், மேசை தட்டுப்படும் ஓசை போன்றவை தாழ்ந்த அதிர்வெண்ணில் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது; அதையும் ஹெர்ட்ஸில்தான் சொல்வார்கள்) இருப்பவை. இவற்றுக்கு ஹை பாஸ் ஃபில்டர். நாம் குறிக்கும் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியை அது வெட்டிவிடும். ஃபேர்லைட் மிக்சரில் டிராக்கின் ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) பெட்டியை இரட்டைச் சொடுக்கால் திறந்து, இடது ஓரத்து முதல் பட்டையை இயக்கி 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 85 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் தொடங்கும். பெண் குரல் 165 வாக்கில். ஆக, அம்மாயியின் குரலுக்கு 120 வரைகூடத் தயங்காமல் ஏற்றலாம். ஏற்றிக்கொண்டே போய், குரல் மெலிகிற இடத்தில் நின்று, கொஞ்சம் பின்னால் வாருங்கள். காற்று பலமாக அடித்து மைக்கே திணறியிருந்தால் இந்த ஃபில்டர் முழுதாகக் காப்பாற்றாது.

அடுத்தது கரண்டின் இரைச்சல். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரில் செருகிய போனிலோ மோசமான வயரிலோ வரும் ‘ம்ம்ம்’ என்ற ஓசை 50இலும் அதன் மடங்குகளான 100, 150இலும் உட்கார்ந்திருக்கும். டீஹம்மர் என்ற எஃபெக்ட் இதற்கென்றே இருக்கிறது. அதில் 50ஐத் தேர்ந்தெடுங்கள். 60 அமெரிக்கா போன்ற நாடுகளின் மின்சாரத்துக்கானது.

மூன்றாவது, ஒரே சீராக ஓடும் சத்தம். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் இடத்தின் மின்விசிறிகள் நல்ல உதாரணம். ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் இரையும் இந்த மாதிரிச் சத்தத்துக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் அருமையாக வேலை செய்யும். ரிசால்வில் அந்த எஃபெக்டை டிராக்கில் போட்டு, மேனுவலில் வைத்து, லேர்ன் பொத்தானை அழுத்தி, நாம் முன்பே பிடித்து வைத்த அரை நிமிடச் சத்தத்தை அந்த டிராக்கில் ஓடவிடுங்கள். அது சத்தத்தின் முகத்தைக் கற்றுக்கொள்ளும். லேர்னை நிறுத்திவிட்டுப் பேச்சை ஓடவிட்டு, குறைக்கும் அளவைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆடாசிட்டியிலும் இதே முறைதான்: சத்தம் மட்டும் உள்ள இடத்தைத் தெரிவு செய்து நாய்ஸ் புரொஃபைல் எடுத்து, பிறகு முழுப் பதிவையும் தெரிவு செய்து அதே எஃபெக்டை மறுபடி ஓட்ட வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது? ஆடாசிட்டியில் ரெசிட்யூ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால், அகற்றப்படுகிற சத்தம் மட்டும் காதில் விழும். அதில் மின்விசிறி மட்டும் கேட்டால் சரி. “அந்தக் காலத்துல பெரட்டுக்கு…” என்று அம்மாயியின் சொற்கள் மெல்லிய நிழலாகக் கேட்கத் தொடங்கினால், சத்தத்தோடு குரலையும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே குறையுங்கள். எல்லை மீறிய குரலைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல, சொல்லின் ஓரங்களில் ஒரு கொப்புளிப்பு கேட்கும். என் கணக்கில் 6 முதல் 10 டெசிபல் குறைந்தால் போதுமானது. சத்தம் அடியோடு ஒழிய வேண்டியதில்லை, பேச்சுக்குப் பின்னால் போய் நின்றால் சரி.

தகரக் கூரை மழைதான் நம் ஊரின் கஷ்டமான வழக்கு. அது சீரான சத்தம் போலத் தோன்றினாலும், ஆயிரக்கணக்கான சிறு அடிகளின் தொகுப்பு; அதிர்வெண்ணில் மேலிருந்து கீழ்வரை பரவிக் குரலோடு கலந்திருக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனை முழுக்க ஏற்றினாலும் மழை போகாது, குரல்தான் போகும். இங்கே நான் செய்வது வேறு. கொஞ்சமாக, 4 அல்லது 5 டெசிபல் மட்டும் குறைத்துவிட்டு, இரண்டாவது டிராக்கில் அதே மழையின் சுத்தமான பதிவை மிக மெல்லிதாக வீடியோ முழுக்க ஓடவிடுவேன். அப்போது வெட்டுக்கு வெட்டு மழை வந்து வந்து போவது தெரியாது. கூடவே ஒரு ஷாட்டில் மழையின் படமும் வந்துவிட்டால், பார்க்கிறவரின் மனம் அந்தச் சத்தத்தை ஏற்றுக்கொள்கிறது. மலையகத்து அம்மாயி பேசும் வீடியோவில் மழை கேட்பது குற்றமில்லை. அதைத் துடைத்து எடுத்துவிட்டால், குளிரூட்டிய ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசுவது போலாகி, அவர் சொல்லும் வாழ்க்கைக்கும் கேட்கும் ஒலிக்கும் ஒட்டாமல் போய்விடும்.

சில்வண்டுச் சத்தம் மேல் அதிர்வெண்ணில் இருக்கும். அதற்காக மேலே முழுவதையும் வெட்டாதீர்கள். ச, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. விட்டுவிடுவதே மேல்.

ஈக்யூ

ஹை பாஸ் போட்ட அதே ஈக்யூ பெட்டியில் இன்னும் இரண்டே இரண்டு அசைவு. 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஏதோ ஓரிடத்தில் குரல் டப்பாவுக்குள் இருப்பது போல முட்டும். லயத்துக் காம்பிரா போன்ற சின்ன அறையில் இது கூடுதல். அங்கே 3 டெசிபல் இறக்குங்கள். பிறகு 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் 2 டெசிபல் ஏற்றுங்கள். சொற்கள் முன்னால் வந்து நிற்கும். முட்டும் இடத்தைப் பிடிக்க ஒரு வழி: ஒரு பட்டையை 8 டெசிபல் ஏற்றி இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே காதுக்கு மிக மோசமாக இருக்கிறதோ அங்கேயே அதை இறக்கிவிடுங்கள்.

கம்பிரசர்

பலமாகப் பேசுவதை அமுக்கி, மெல்லப் பேசுவதோடு நெருங்க வைப்பது இதன் வேலை. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். திரெஷோல்ட் என்பது எந்த அளவுக்கு மேல் அமுக்கத் தொடங்க வேண்டும் என்பது. ரேஷியோ என்பது எவ்வளவு அமுக்க வேண்டும் என்பது. திரெஷோல்டை மைனஸ் 18இலும் ரேஷியோவை 3க்கு 1 என்றும் வைத்தோம் என்று கொள்ளுங்கள். அம்மாயி சிரிக்கும்போது ஒலி மைனஸ் 9 வரை போகிறது, அதாவது கோட்டுக்கு மேலே 9 டெசிபல். அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கம்பிரசர் விடும். ஆக 3 டெசிபல் மேலே போய் மைனஸ் 15இல் நிற்கும். 6 டெசிபல் அமுங்கிவிட்டது. இப்போது மேக்கப் கெயினில் முழுப் பேச்சையும் 4, 5 டெசிபல் உயர்த்தினால், தாழ்ந்த வரிகளும் மேலே வந்துவிடும்.

அட்டாக்கை, அதாவது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை, 10 மில்லிசெக்கனில் விடுங்கள். சொல்லின் முதல் தட்டு அமுங்காமல் தப்பும். ரிலீஸ், அதாவது அமுக்கத்தை விட எடுக்கும் நேரம், 100 மில்லிசெக்கன். அமுக்கத்தைக் காட்டும் முள் அல்லது பட்டை பெரும்பாலும் 3க்கும் 6க்கும் நடுவில் ஆட வேண்டும். அதற்கு மேல் போனால் வாக்கியத்துக்கு நடுவில் மழை மேலே எழும்பி எழும்பி அடங்குவது கேட்கும். கம்பிரசர் மெல்லிய ஒலி எல்லாவற்றையும் உயர்த்துவதால், சத்தம் எடுக்கும் வேலையை இதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டும். ஃபேர்லைட்டில் இது டைனமிக்ஸ் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் ‘கேட்’ என்ற எஃபெக்டை இந்த மாதிரிப் பேட்டிக்குத் தொடாதீர்கள். பேசாத இடைவெளியில் மழையைப் பட்டென்று நிறுத்திவிடும்.

இதற்கெல்லாம் பிறகு ‘ஸ்’ ஓசை ஊசியாகக் குத்தினால் மட்டும் டீஎஸ்ஸர், 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள்.

எதிரொலி

ரிவர்பும் (அறைக்குள் முழங்கும் ஓசை) எக்கோவும் (எதிரொலி) புதியவர்களை இழுக்கும். பேட்டிக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் மலை மேலிருந்து கங்காணி கூப்பிடும் குரல் போல ஒன்றைக் காட்ட வேண்டுமானால், அளவோடு போடுங்கள். நம் குளிரில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எக்கோவின் டிலேயை (ஒலி திரும்பிவர எடுக்கும் நேரத்தை) 500 மில்லிசெக்கனில் வைத்தால், ஒலி 170 மீட்டர் போய்வந்ததாகக் கணக்கு; எதிர்மலை 85 மீட்டரில் இருக்கிறது என்று பொருள். படத்தில் பள்ளத்தாக்கு அகலமாகத் தெரிந்தால் டிலேயை ஒரு விநாடிக்கு ஏற்றுங்கள். திரும்பி வரும் ஒலியின் கூர்மையைக் குறைத்து, ஓரிரு தடவைக்கு மேல் திரும்பாதபடி ஃபீட்பேக்கை இறக்குங்கள். உண்மையான மலை அப்படித்தான் பதில் சொல்லும்.

தப்பு

காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவருக்குப் பக்கத்தில் போனை நீட்டினால் ஒலி கட்டாயம் உடையும். சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். எடிட்டிங்கில் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ‘கேட்’ எஃபெக்டும் இதில் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தோலின் அதிர்வு அடங்கிவரும் வால் ஒன்று இருக்கிறது. அதை அவை தின்றுவிடும். கம்பிரசர் போட்டே ஆக வேண்டுமென்றால் அட்டாக்கை 30 மில்லிசெக்கன் வரை தாமதியுங்கள். அடியின் கூர்மை பிழைக்கும்.

பேச்சுக்குக் கீழே தப்பு ஓடும் இடத்தில் அதை 15 டெசிபலாவது இறக்குங்கள். அம்மாயி நிறுத்தும் இடத்தில் அரை விநாடி எடுத்து ஏற்றி, மறுபடி பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்னாலேயே இறக்குங்கள். இதைத் தானாகச் செய்யும் டக்கிங் வசதியும் உண்டு. தாளக்கட்டு எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது என்பதால் நான் கையால்தான் செய்வேன்.

வெட்டும் இடமெல்லாம் இரண்டு மூன்று ஃபிரேம் அளவுக்குக் கிராஸ்ஃபேட் (ஒன்று அடங்க மற்றது எழும் கலப்பு) கொடுங்கள். ‘டிக்’ என்ற ஓசை போய்விடும்.

கடைசி அளவு

எல்லா டிராக்கும் சேரும் பிரதான பஸ்ஸில் ஒரு லிமிட்டர் போட்டு மைனஸ் 1 டெசிபலில் கூரை வையுங்கள். யூடியூப் மைனஸ் 14 எல்.யூ.எப்.எஸ் (முழு வீடியோவும் காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) அளவைத் தாண்டும் வீடியோவின் ஒலியைத் தானே குறைத்துவிடும். தாழ்வாக இருப்பதை உயர்த்தாது. அதனால் ஃபேர்லைட்டின் லவுட்னஸ் மீட்டரை முழு வீடியோவுக்கும் ஓடவிட்டுப் பார்த்து, மைனஸ் 16க்கும் 14க்கும் நடுவில் கொண்டுவாருங்கள்.

வீடியோவை வெளியேற்றும்போது (எக்ஸ்போர்ட்) ஒலியை ஏஏசி வடிவம், 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஸ்டீரியோவுக்கு யூடியூப் சொல்வது 384 கிலோபிட். ஏற்றுவதற்கு முன் கோப்பைப் போனுக்கு மாற்றி, ஹெட்போன் இல்லாமல் போனின் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள். தப்பின் தாழ்ந்த ஒலி அதில் வராது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பேச்சு எங்கேயாவது விளங்கவில்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் போய், முதலில் தப்பையும் மழையையும் இறக்கிப் பாருங்கள். அதற்கும் விளங்காவிட்டால் மட்டும் குரலை ஏற்றுங்கள். முடிந்தால் அம்மாயிக்கே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். தன் குரலில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று அவரும் வீட்டில் இருக்கிறவர்களும் நொடியில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், எஃபெக்ட் எதுவும் படாத அசல் பதிவை அழித்துவிடாதீர்கள். ஊர், தோட்டம், டிவிசன், தேதி, பேசியவரின் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, அவர் குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றை வேறொரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். சத்தம் எடுக்கும் மென்பொருள்கள் வருடத்துக்கு வருடம் நன்றாகிக்கொண்டே வருகின்றன. இன்று கூரை மழைக்குள் விளங்காத ஒரு வரியை, அசல் கையில் இருந்தால், பின்னொரு நாள் எடுத்துப் பார்க்கலாம்.